கே என்றால் குவாலிட்டி

என் ஓரகத்தி வீட்டு வாசலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அடுத்தவள் நகையைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்த்து எரிந்தவர்கள் உண்டு. இந்த விளக்கோ அவள் வாங்கியதுகூட இல்லை. மாநகர் மன்றம் நட்ட கம்பம், மன்றம் மாட்டிய விளக்கு. இருந்தும் எரிந்தது.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. ஜார்ஜ் டவுனில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு லோரோங்குகளில், அதாவது சந்துகளில், நாங்கள் குடியிருக்கிறோம். என் வீட்டுப் பின்கதவைத் திறந்து, சாக்கடையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அவள் வீட்டுப் பின்கதவு. அவள் தாளித்தால் என் சமையலறையில் மணக்கும். என்னை அக்கா என்பாள். என் கணவரை அத்தான் என்பாள். முறைப்படி சரிதான், குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் கட்டிக்கொண்ட நான் இத்தனை வருடத்தில் அவரை "இந்தாங்க" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. இவள் வாய் நிறைய "அத்தான்" என்று கூப்பிடும்போதெல்லாம், என் அலமாரியில் இருந்த சேலையை இவள் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். நான் கட்டாமலே வைத்திருந்த சேலைதான். அதனால் என்ன?

அவள் எது வாங்கினாலும் அதைவிடப் பெரிய நம்பராக நான் ஒன்று வாங்கிவிடுவேன். அவள் ஏழு கிலோ துணி மெஷின் வாங்கினால் நான் ஒன்பது கிலோ. அவள் வீட்டு டிவி முப்பத்திரண்டு, என்னுடையது நாற்பத்து மூன்று. அதை வைக்க இடமில்லாமல் சாமி மேடையை ஒரு சாண் நகர்த்த வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அவள் முறுக்கு டின் கொடுத்தனுப்பினால் நான் பதிலுக்கு அதைவிட உயரமான டின்னில் அனுப்புவேன். என் கணவர் வாய் திறக்க மாட்டார். துணி மெஷின் வந்த அன்று மட்டும், "நம்ம ரெண்டு பேருக்கு ஒம்பது கிலோ துணி எங்கேருந்து வரும்?" என்று கேட்டார்.

"போர்வை இருக்குல்ல," என்றேன்.

போன வருடம் எங்கள் பக்கத்துத் தெருவிளக்குகளை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். பழைய மஞ்சள் விளக்குகளில் பாதி எரியாது, மீதி கண்ணடிக்கும். முதலில் அவள் லோரோங்கைத்தான் எடுத்தார்கள். வரிசைக்கு ஒருவர் படிவத்தை வாங்கி, எந்த விளக்கு வேண்டும் என்று குறித்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். அவள் வரிசைக்கு அவளே செய்தாள். ஆபீஸில் வேலை பார்த்தவள், மலாய் நன்றாக எழுதுவாள். அங்கே புது விளக்கு மாட்டிய மறுநாள், துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் நின்று, "என்னா லைட்டு கேட்ட?" என்று விசாரித்தேன்.

"மூவாயிரம் கேட்டேன்க்கா," என்றாள்.

எனக்கு அது போதும். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவள் விளக்கைப் பற்றி நான் ஆர்வமாகக் கேட்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் வரிசைக்குப் படிவம் வந்தது. பேச்சில் அதைப் போராங் என்போம். கொண்டுவந்தது மன்றத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண். பதினோரு வீட்டுக்கும் சேர்த்து யார் பொறுப்பு என்று அவள் கேட்டபோது, மூலை வீட்டுச் சீனத்து ஆண்ட்டி வாயைத் திறப்பதற்குள் நான் கையை நீட்டிவிட்டேன். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. 3000K, 4000K, 6500K. அந்தப் பெண் கைப்பேசியில் ஏதோ படங்களை எடுத்துக் காட்ட வந்தாள். "தெரியும், தெரியும்," என்றேன்.

தெரியும் என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்தவள் நான். மலாயில் குவாலிட்டி என்ற சொல்லைக் கே போட்டுத்தான் தொடங்குவார்கள். எங்கள் பிரிவின் சுவரில் என் உயரத்துக்கு அந்த எழுத்து நின்றது. தேறிய பெட்டியின் மேல் கே முத்திரை குத்துவேன், தேறாததைத் தள்ளிவிடுவேன். கே என்றால் குவாலிட்டி. இதை எனக்கு நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் படம் காட்டி விளக்க வேண்டுமா?

ஆக, ஓரகத்திக்கு மூவாயிரம் குவாலிட்டி. எனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. பேனாவை அழுத்திக் குறி போட்டேன். பிறகு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "அந்த லோரோங்க விட டபுளுக்கு மேல," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சீனத்து ஆண்ட்டி படிவத்தைத் தூரப் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்த மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புது விளக்கு முதன்முதலாக எரிந்தபோது மாலை ஏழரை மணி இருக்கும். நான் அஞ்சடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைவீட்டு வரிசைக்கு முன்னால் ஓடுகிற, கூரை போட்ட நடைபாதையை நாங்கள் அஞ்சடி என்போம். வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. பத்து நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு எதிர்ச்சுவரில் இத்தனை கறை இருப்பது தெரிந்தது. என் தொட்டியில் பூத்திருந்த செம்பருத்தி வெளிறிக் கிடந்தது. கையைப் பார்த்தேன். பாசாரில் ஐஸில் கிடக்கிற மீன் மாதிரி இருந்தது.

என் கணவர் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். தினமும் இருட்டுகிற நேரத்தில் அவர் அஞ்சடியில் உட்காருவார். நான் கோப்பி கலந்து கொண்டுவந்து பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொள்வேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். போகிற வருகிற மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு மணி நேரம்தான். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அன்று உட்கார்ந்தவர் நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

"என்னா இது, கோழிக்கடையில உக்காந்த மாதிரி இருக்கு," என்றார்.

"புது லைட்டு அப்படித்தான் இருக்கும். பழகிடும் லா," என்றேன்.

பழகவில்லை. மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் நானே கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, போகிறவர்கள் எல்லாரும் கண் ஆப்பரேஷன் கெட்டுப்போய்விட்டதா என்று துக்கம் விசாரித்தார்கள். நாலாம் நாள் கோப்பியோடு வந்தேன். நாற்காலியைக் காணோம். அவரையும் காணோம். வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது.

உடனே தேடிக்கொண்டு போகவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது. இரண்டு கோப்பியையும் நானே குடித்தேன். அன்று தூக்கம் வரவில்லை, அது கோப்பியால்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நாலு எட்டில் அவள் வீட்டுக்குள் நுழைந்து முன்பக்கம் போனேன். அந்த வெளிச்சத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். விளக்கு எரிவதே தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது. உருக்கிய நெய்யின் நிறம். அவள் அஞ்சடியில் இருந்த மிதிவண்டி, துடைப்பம், பழைய செருப்பு எல்லாமே அந்த வெளிச்சத்தில் நல்ல குடும்பத்துச் சாமான்களாகத் தெரிந்தன. என் கணவர் எங்கள் நீல நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. என் கொழுந்தன் வீட்டில் இல்லை. மாக் மண்டின் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட், வர நேரமாகும். ஓரகத்தி பேப்பரைப் பிரித்து வைத்து அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். படித்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

நான் போய் நின்றபோது ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது.

"துலாம். இன்று இல்லத்தில் அமைதி நிலவும்," என்று படித்தாள்.

"அதான் இங்க வந்துட்டேனே!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என் வீட்டு நாற்பத்து மூன்று டிவிக்கு முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். "அக்கா, வாங்க. உக்காருங்க. தே போடட்டுமா?"

"எனக்கு வேலை கெடக்கு. ரெண்டு கருவேப்பிலை கேக்க வந்தேன்."

என் வீட்டுப் பின்பக்கத்தில் அவள் மரத்தைவிட உயரமான கருவேப்பிலை மரம் நிற்கிறது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் எழுந்துபோய் ஒரு கொத்துப் பறித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் அவர் போனார். போகும்போது, "நீயும் வாயேன்," என்பார். அவள் வெளிச்சத்தில் போய் நான் எதற்கு உட்கார வேண்டும்? சில நாள் அவர் திரும்ப வழக்கத்தைவிட நேரமாகும். பின்பக்கம் நின்று காதைத் தீட்டிக் கேட்பேன். பேப்பர் மடிக்கிற சத்தம், அவள் குரல், பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் என்னைக் கொன்றது. எனக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை. அறுபத்தேழு வயதில், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறார்? என் ஒரு மணி நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, மன்றத்து விளக்கு போகட்டும், நாமே நல்லதாக ஒன்று அஞ்சடியில் மாட்டி அவரை இழுத்துவிடலாம் என்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமான தமிழ் முஸ்லிம் அண்ணன்.

"அண்ணே, அஞ்சடியில மாட்ட ஒரு பல்பு வேணும். மஞ்சளா, கண்ணுக்கு இதமா. நல்ல குவாலிட்டியாக் குடுங்க. ஒம்பதாயிரம் கே இருக்கா?"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒம்பதாயிரமா? எதுக்குக்கா, ஆப்பரேஷன் தியேட்டர் கட்டுறீங்களா? மஞ்சளா வேணும்னா எறங்கி வாங்க. மூவாயிரம், இல்லாட்டி ரெண்டாயிரத்து எழுநூறு. நம்பர் ஏற ஏற வெள்ளைதான் அதிகமாகும்."

"அப்ப கே-ன்னா குவாலிட்டி இல்லையா?"

"கெல்வின்க்கா. வெளிச்சத்தோட நெறத்துக்குப் போடுற நம்பர். குவாலிட்டின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க," என்றேன்.

வீடுவரைக்கும் நடந்தே வந்தேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தப் பூனையாவது சூடு போட்டுக்கொண்டது. நான் பதினோரு வீட்டுக்கும் சேர்த்துக் குளிரைப் போட்டுவிட்டேன். என் கணவரை அவள் இழுக்கவில்லை, நான்தான் பேனாவை அழுத்திப் பிடித்துத் துரத்தியிருக்கிறேன். வாங்கி வந்த மஞ்சள் பல்பை அன்று மாலை அஞ்சடியில் மாட்டினேன். அந்த வெள்ளைக்கு முன்னால் அது கடலில் கரைத்த பெருங்காயமாகப் போயிற்று. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு," என்றார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

உண்மையைச் சொல்லி வேறு விளக்குக் கேட்டிருக்கலாம். அதற்கு மறுபடியும் படிவம் வாங்க வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று எழுத வேண்டும், பதினோரு வாசலிலும் நின்று, டபுளுக்கு மேல என்று பீற்றிய வாயால் தப்பாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அவளுக்குத் தெரிந்துவிடும். வரிசையில் எல்லாரும் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "சூசா லா இந்த லைட்டு, பெரிய தொல்லை, மட்டமான லைட்டைக் கொண்டாந்து மாட்டிட்டான்," என்று பக்கத்து வீட்டுக்காரர் என் எதிரிலேயே மன்றத்தை ஏசுவார். எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டியது நான்தான். மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது.

பிறகு ஒரு நாள் காலையில், நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, ஏணி வைத்த லோரி ஒன்று எங்கள் லோரோங்குக்குள் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி விளக்கைக் கழற்ற ஆரம்பித்தார்கள். மேற்பார்வை பார்த்தவர் தமிழர், என் வயது இருக்கும்.

"எதுக்கு மாத்துறீங்க, அண்ணே?"

"நீங்கதானே கேட்டிருக்கீங்க," என்று கையிலிருந்த அட்டையை நீட்டினார். அதில் ஒரு படிவம் செருகியிருந்தது. அதே மூன்று கட்டங்கள். எதிலும் குறி இல்லை. பக்கத்தில் பேனாவால், கட்டங்களில் இல்லாத ஓர் எண் எழுதியிருந்தது. இரண்டாயிரத்து எழுநூறு. அந்த ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. எந்தக் கை அது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தீபாவளி முறுக்கு டின்னில் தேதி எழுதி ஒட்டி அனுப்புகிறவள் அவள் ஒருத்திதான், அவள்தான் ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுவாள்.

கீழே காரணம் எழுதும் இடம். சுத்தமான மலாயில் எழுதியிருந்தாள். இந்த வரிசையில் ஒருவருக்குக் கண் அறுவை நடந்திருக்கிறது. முன்பு கேட்ட எண் தவறானது. அந்தத் தவறுக்குக் காரணம் நான், பக்கத்து லோரோங்கில் இருக்கிறேன், என் அக்காவிடம் சரியாக விளக்கிச் சொல்லவில்லை. அதற்கும் கீழே பதினோரு கையெழுத்து. சீனத்து ஆண்ட்டியுடையது இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருடையது இருந்தது. எங்கள் வீட்டுக்கு என் கணவர் போட்டிருந்தார். நேரம் கழித்து அவர் திரும்பிய நாட்களெல்லாம் எங்கே போயின என்று அப்போது விளங்கியது. என் எதிரில் அவர்கள் மன்றத்தைத் திட்டியது என் மானத்தைக் காப்பாற்றத்தான் என்பதும் விளங்கியது. பதினோரு வீட்டில் அந்தப் படிவத்தைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான்.

அந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது, முன்னைவிட மோசமாக. டிவியை மிஞ்சிவிடலாம், துணி மெஷினை மிஞ்சிவிடலாம். என் தப்பைத் தன் தப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளே, இதைவிடப் பெரியதாக நான் எந்தக் கடையில் போய் வாங்குவது? துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மேற்பார்வை அண்ணன் அட்டையைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

மாலையில் விளக்கு எரிந்தது. என் கை என் கையாக இருந்தது. செம்பருத்தி சிவப்பாக இருந்தது. என் கணவர் நீல நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்து, கண்ணை நன்றாகத் திறந்து தெருவைப் பார்த்தார். நான் கோப்பியைக் கொடுத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டேன். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இரண்டு பேரும் பார்த்தோம். கோப்பி பாதி தீர்வதற்குள் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஓரகத்தி பேப்பரோடு வந்து நின்றாள். தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா. எங்க லோரோங்க விட நல்லாருக்கு லா."

உள்ளே போய் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தாள். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அந்த ஆறாயிரத்து ஐந்நூறு போட்டது நான்தான்."

"தெரியும்க்கா."

"அப்புறம் எதுக்கு உன் தப்புன்னு எழுதின?"

"மூவாயிரம்னு மட்டும் சொன்னேன். கம்மியா இருந்தாத்தான் இதமா இருக்கும்னு சொல்லல. என் தப்புதானே?"

"சரி, உனக்கு மூவாயிரம். எனக்கும் மூவாயிரம் கேக்க வேண்டியதுதானே? அதுக்கும் எறக்கி ரெண்டாயிரத்து எழுநூறு எதுக்குக் கேட்ட? உன்னுதவிட நல்லதா எனக்கு எதுக்கு?"

அவள் பேப்பரைப் பிரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சமமாக் கேட்டிருந்தா, நீங்க மறுபடியும் போராங் வாங்கப் போயிருப்பீங்களேக்கா."

என் கணவர் சிரித்த சிரிப்பில் கோப்பி கைலியில் சிந்தியது. ராசிபலன் பக்கத்தைத் தேடி எடுத்து, "துலாம்," என்று அவள் படிக்க ஆரம்பித்தாள்.

"இரு," என்றேன். "என் ராசிய மொதல்ல படி."